மேல்வீட்டுக்காரருக்கு அரை நாள் தியானம்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பெயர். கோபுரக் கிரேனின் உச்சியில், சுற்றிலும் கண்ணாடி வைத்த சிறிய கேபின்தான் அந்த மேல்வீடு. காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏற ஆரம்பித்தால் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். பல நாள் சாப்பாட்டு டப்பாவையும் மேலே கொண்டுபோய்விடுவார். இறங்கி வரும்போது, "என்ன மேல்வீட்டுக்காரரே, இன்னைக்கு காத்து எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். "வாடகை இல்லாத வீட்டுல காத்தைக் குறை சொல்ல முடியுமா?" என்பார். இருபத்தாறு வருடமாக இந்த ஒரே கேள்வியும் இந்த ஒரே பதிலும்தான்.

அந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. தூக்குகிற பொருள் எங்கே போய் உட்காரப்போகிறது என்பது பாதி நேரம் கேபினிலிருந்து தெரியாது. சுவர் மறைக்கும், தளம் மறைக்கும். தெரிவது ஒரே ஒரு மனிதர்: எதிரே ஏதோ ஒரு தளத்தில் நின்றுகொண்டு கையை அசைக்கிற சிக்னல்காரர். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி வீசினால் நிறுத்த வேண்டும். இரண்டு கையையும் நீட்டி வீசினால் எதையும் யோசிக்காமல் உடனே நிறுத்த வேண்டும். வாக்கிடாக்கியும் உண்டுதான். ஆனால் அங்கே இருந்த இரண்டு கிரேன்களும் ஒரே அலைவரிசையில் கரகரத்துக்கொண்டிருக்கும். அதில் வரும் குரலைவிடக் கையையே மேல்வீட்டுக்காரர் நம்பினார். தான் பார்க்காத ஒன்றை, இன்னொருவர் பார்த்தார் என்ற நம்பிக்கையில், இரண்டு டன் எடையை நகர்த்துவதுதான் அவர் வேலை. இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் மனிதர்கள் பலவற்றை நம்புகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் நம்பிக்கை பொய்த்தால் எதுவும் மேலேயிருந்து விழுவதில்லை.

பதினொரு வருடமாக அந்தக் கை அவருடைய மச்சினன் கை. மனைவியின் தம்பி. அவரே கூட்டிவந்து வேலைக்குச் சேர்த்துவிட்டவர். குடியிருப்பதும் ஒரே கட்டடத்தில்தான். இவர்கள் மூன்றாவது மாடி, மச்சினன் குடும்பம் முதல் மாடி.

ஒன்பது நாளுக்கு முன்னால், மாலை நாலரை மணிக்கு, ஒரு கட்டுப் பலகை பன்னிரண்டாவது தளத்தின் விளிம்பில் இடித்தது. கட்டு அவிழ்ந்து பலகைகள் கீழே நின்ற தகரக் கழிவறையின் மேல் விழுந்தன. கூரை தட்டையாகிவிட்டது. உள்ளே இருந்த வெல்டர் அப்போதுதான் வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து அவர் அந்தக் கதையை எல்லாரிடமும் சொன்னார். "எதுலயும் அவசரம் அவசரம்னு வீட்டுல என்னைத் திட்டுவாங்க. அந்த அவசரம்தான்யா காப்பாத்துச்சு. இனிமே யாரும் என்னைத் திட்டக் கூடாது." எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் புதுக் கழிவறை வந்த பிறகும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சாலையைத் தாண்டி பெட்ரோல் பங்குக்குப் போய்வந்தார்.

விசாரணையில் மேல்வீட்டுக்காரர் சொன்னது ஒரு வரி: "சிக்னல் வரல சார்." மச்சினன் சொன்னதும் ஒரு வரி: "ஆமா சார், நான் லேட்டா காட்டிட்டேன்." பாதுகாப்பு அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. திங்கட்கிழமை அறிக்கை மேலே போகும். மச்சினனின் சிக்னல் அட்டை ரத்தாகும். அது ரத்தானால் அங்கே மட்டுமல்ல, வேறெந்தக் கட்டடத்திலும் அவரை யாரும் சிக்னலுக்கு நிறுத்தமாட்டார்கள். சிமென்ட் மூட்டை தூக்கப் போகலாம். வயது நாற்பத்து நான்கு, முதுகு வலிக்கு ஏற்கெனவே ஒரு பெல்ட்.

மேல்வீட்டுக்காரர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பலகை விழுந்ததற்காக அல்ல. பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட அந்தக் கையை அவர் இரண்டாவது தடவை யோசித்துப் பார்த்ததில்லை, அப்படி நம்பிய கை பொய்த்ததற்காகத்தான். மச்சினனும் மாடிப்படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.

"அவனும் வாயைத் திறக்கமாட்டேங்கிறான், நீங்களும் திறக்கமாட்டேங்கிறீங்க. நான் என்ன, மூணாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் போஸ்ட்மேனா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் தம்பிதானே தப்புன்னு ஒத்துக்கிட்டான்."

"அதான் எனக்கு சந்தேகமா இருக்கு. சின்ன வயசுல கையில கல்லு இருக்கும்போதே 'நான் எறியல'ன்னு சொன்ன பய அவன்."

அந்த நிலைமையில்தான் கம்பெனி கிரேன் பிரிவு முழுவதையும் சனிக்கிழமை காலை ஒரு யோகா, தியான மையத்துக்கு அனுப்பியது. மன அழுத்தம் குறைந்தால் விபத்து குறையும் என்று யாரோ மேலிடத்தில் படித்திருக்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரியையும் வெல்டரையும் சேர்த்துப் பதினான்கு பேர், ஒரு வேன். மச்சினன் முன் இருக்கையில். மேல்வீட்டுக்காரர் கடைசி இருக்கையில். நடுவில் வெல்டர்.

"அரை நாள் உக்காரச் சொல்லி சம்பளமும் தர்றாங்க. இது தெரியாம நான் பத்து வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்த்திருக்கேன்" என்றார் வெல்டர்.

மையம் என்பது ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளம். வெள்ளையடித்த கூடம், நீலப் பாய்கள், கனமான திரைகள், நீளமான ஒரு நடைக்கூடம். சோப்பும் புது ரப்பரும் கலந்த வாசனை. வாசலில் காலணி அடுக்கு. பதினான்கு ஜோடி இரும்புமுனைக் காலணிகள் அதில் இடம் போதாமல் வரிசையாகத் தரையில் நின்றன. ஆசிரியை மெலிந்தவர், நாற்பது வயது இருக்கும். பேசும்போது குரலைத் தாழ்த்தவும் இல்லை, இனிப்பாக்கவும் இல்லை. அது நல்லதாகப் பட்டது.

"பன்னிரண்டு மணி வரைக்கும் மௌனம். பேசணும்னு தோணும். தோணட்டும், போயிடும்" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் கூடத்தில். திரைகள் மூடியிருந்தன, மங்கிய, ஒரே சீரான வெளிச்சம். ஆசிரியை கையைத் தூக்க, பதினான்கு பேரும் தூக்கினார்கள். குனிய, முடிந்தவரை குனிந்தார்கள். வெல்டரின் முழங்கால் இரண்டு முறை சத்தமாக நெட்டி முறிந்தது. பிறகு ஆசிரியை இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். எல்லாரும் அதேபோலச் செய்தார்கள், இரண்டு பேரைத் தவிர. முன் வரிசையில் மச்சினனும் பின் வரிசையில் மேல்வீட்டுக்காரரும் அப்படியே உறைந்து நின்றார்கள். மூச்சைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.

ஆசிரியை ஒருவரையும் மற்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெல்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மச்சினன் திரும்பிப் பார்த்தார். அவசர நிறுத்தத்துக்கு உறைந்து நிற்கிற இன்னொருவரைப் பார்த்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் உதடு அசைந்தது. உடனே இருவரும் அதைத் திருத்திக்கொண்டார்கள்.

பத்தரை மணிக்கு நடைத் தியானம். நடைக்கூடத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டும். எதிர்க்கோடியில் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே வெயில். ஆசிரியை அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார். விதியை முன்பே சொல்லியிருந்தார்: அவர் உள்ளங்கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், இறக்கினால் மெதுவாக நடக்க வேண்டும். சத்தம் கிடையாது. கை மட்டும்.

இது நம்ம வேலை என்று மேல்வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் மச்சினன் நின்றிருந்தார். அதை வெல்டர் வேண்டுமென்றேதான் செய்திருக்க வேண்டும். வரிசை அமையும்போது தோளைப் பிடித்து ஒருவரைத் தள்ளி, இன்னொருவரை இழுத்துவிட்டது அவர்தான்.

நடந்தார்கள். குதிகால், பாதம், விரல். மேல்வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, எல்லார் தலைக்கும் மேலாக, ஆசிரியையின் கையையே பார்த்தபடி நடந்தார். சாதாரண மனிதன் எவனும் அப்படி நடக்கமாட்டான். முன்னால் போகிறவர் நின்றால் தானும் நிற்பான். ஆனால் கிரேன் ஓட்டுகிறவர் கற்றுக்கொள்கிற முதல் பாடம், சிக்னலைத் தவிர வேறெதையும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது. இருபத்தாறு வருடத்தில் அது பாடமாக இல்லை, கழுத்து எலும்பாகியிருந்தது.

அவர் மச்சினன் முதுகில் மோதினார்.

சுற்றிப் பார்த்தார். எல்லாரும் நின்றிருந்தார்கள். கதவுப் பக்கம் ஒரு வெள்ளைப் பிரகாசம். அதன் நடுவில் ஒரு சாம்பல் நிழல். நிழலுக்குக் கை இருந்ததா என்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கினார். நிழல் கொஞ்சம் தெளிந்தது. கை உயர்ந்துதான் இருந்தது.

மறுபடி நடந்தார்கள். இந்தத் தடவை அவர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். வெளிச்சம் அந்த உருவத்தின் ஓரங்களைத் தின்றுகொண்டிருந்தது. தோள் இருந்தது, தலை இருந்தது. தோளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதெல்லாம் பால் கொட்டியதுபோல இருந்தது.

மறுபடியும் மோதினார்.

மச்சினன் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதில் திடுக்கிடல் இல்லை. எதிர்பார்த்துக் காத்திருந்த கை போல இருந்தது. மிச்சமிருந்த பத்து நிமிடமும் அந்தப் பிடி இறுகும்போது மேல்வீட்டுக்காரர் நின்றார், தளரும்போது நடந்தார்.

ஏழெட்டு மாதமாகக் கேபின் கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சிமென்ட் தூசி என்று திட்டிக்கொண்டு நாளைக்கு ஒரு தடவை துடைத்தார். பிறகு இரண்டு தடவை. மாலை வெயில் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தில், உடம்பைப் பாதி வெளியே நீட்டி, பாதுகாப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டு வெளிப்பக்கத்தையும் துடைத்தார். வேறு துணி வாங்கினார். வேறு சோப்பு வாங்கினார். மற்றக் கண்ணாடியைப் பற்றி, கண்ணுக்குள் இருக்கிற அதைப் பற்றி, ஒரு தடவையும் யோசிக்கவில்லை. மருத்துவப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவை, நிழலான அறையில் நடக்கும். போன தடவை எல்லா எழுத்தையும் சரியாகத்தான் வாசித்தார்.

இடைவேளையில் எல்லாருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு துண்டு பழமும் கொடுத்தார்கள். மேல்வீட்டுக்காரர் மச்சினனைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, பின்பக்கம் கைகழுவும் இடத்துக்குப் போனார். மச்சினன் வந்தார்.

மௌன விதி இருந்தது. மேல்வீட்டுக்காரர் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி வீசிக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். அன்றைக்கு இதைக் காட்டினாயா?

மச்சினன் குழாயைப் பார்த்தார். பிறகு ஒரு கையை நீட்டி வீசினார். மறுபடி வீசினார். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டி வீசினார்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றது. கிரேன் மொழியில் இறந்தகாலம் கிடையாது. 'ஏன்' கிடையாது. தூக்கு, இறக்கு, நில், மெதுவாக, அவ்வளவுதான். அந்த நான்கு சொல்லில் பதினொரு வருடம் ஓடியிருக்கிறது.

"எப்போலேர்ந்து மாப்ள?" என்றார், மெல்ல.

"மழைக்காலம் முடிஞ்சதும். வெயில் எனக்குப் பின்னால இருந்தா நீங்க லேட்டா நிறுத்துறீங்க. மத்த நேரமெல்லாம் கரெக்டா இருக்கீங்க. அதனால நான் பின்னாடி இருட்டுச் சுவர் இருக்கிற இடமா பார்த்து நிக்க ஆரம்பிச்சேன். மஞ்சக் கையுறை வாங்கினேன்."

"குளிருக்குன்னு சொன்னே."

"வேற என்ன சொல்றது? அன்னைக்கு பன்னெண்டாவது மாடியில சுவரே இல்லை மாமா. பின்னாடி முழுக்க அந்தக் கண்ணாடிக் கட்டடம். மூணு தடவை காட்டினேன். வாக்கிடாக்கியில கத்தியும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா லேட்டா காட்டினேன்னு சொன்னே?"

"நீங்க சிக்னல் வரலன்னு சொல்லிட்டீங்க. வந்துச்சுன்னு நான் சொன்னா உங்க கண்ணைப் பார்ப்பாங்க. கேபினைப் பூட்டிடுவாங்க. கேபின் இல்லாம நீங்க வீட்டுல என்ன பண்ணுவீங்க? அக்காவை கிரேன் மாதிரி ஓட்டுவீங்களா?"

இதைப் பெரிய மனசு என்று சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன் அந்தத் தகரக் கூரையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மேல் வைத்த பாசம் கீழே நடக்கிறவர்களின் தலைக்கு மேல் எட்டு மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்வீட்டுக்காரருக்கு அது அப்போதே தோன்றியிருக்க வேண்டும். அவர் முகம் இளகிய வேகத்திலேயே இறுகியது.

"உள்ள ஆள் இருந்திருந்தா?"

மச்சினன் சொட்டிய குழாயை இறுக்கி மூடினார். "கண் புரையாத்தான் இருக்கும். ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். லீவு போட்டுட்டு யாருக்கும் தெரியாம பண்ணிட்டு வந்துடுங்க. நான் ரெண்டு மாசம் மூட்டை தூக்கினா செத்தாபோயிடுவேன்?"

"உன் அட்டை போனா திரும்ப வராது மாப்ள."

"உங்க கேபின் போனா மட்டும்?"

அதற்குள் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தன்னார்வலர் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, 'மௌனம்' என்று எழுதிய அட்டையை உயர்த்திப் பிடித்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஆளுக்கொரு குழாயைத் திறந்து கழுவத் தேவையில்லாத கைகளைக் கழுவினார்கள்.

கடைசி ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்வது. மூச்சைக் கவனியுங்கள் என்றார் ஆசிரியை. மேல்வீட்டுக்காரருக்கு மூச்சு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மூடிய இமைக்குள் இருட்டு சுத்தமாக இருந்தது, அதில் அழுக்கில்லை. அங்கே கழிவறைக் கதவு திறந்து வெல்டர் வெளியே வந்தார். மறுபடி திறந்தது, மறுபடி வந்தார். ஒரு தடவை கதவு திறக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்துவிட்டார். இரண்டு பாய் தள்ளி வெல்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட் தடம் பதிந்து முடி அமுங்கியிருந்தது. மேல்வீட்டுக்காரர் அந்தத் தலையை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

மணி பன்னிரண்டு. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார்கள். மௌனம் முடிந்தது, ஆளுக்கொரு வார்த்தை சொல்லலாம் என்றார் ஆசிரியை.

"மனசு லேசா இருக்கு" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"மனசு எனக்கும் லேசாத்தான் இருக்கு. முட்டிதான் கனமா இருக்கு" என்றார் வெல்டர்.

"நல்லா இருந்துச்சு" என்றார் மச்சினன், மாமாவைப் பார்க்காமல்.

மேல்வீட்டுக்காரர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்கு சிக்னல் வந்துச்சு சார். மூணு தடவை வந்துச்சு. நான்தான் பார்க்கல. வெயில் எதிர்ல இருந்தா எனக்குக் கை தெரியல."

"மாமா, சும்மா இருங்க. அவருக்கு என் மேல பாசம் சார், அதான்..."

"நீ சும்மா இரு மாப்ள. இப்பவாவது நான் நிறுத்தினா நீ நிறுத்து."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இதை இங்க பேச வேண்டாமே. ஆபீஸ்ல வச்சு..."

"இங்கதான் சார் தெரிஞ்சுது. அந்த நடைக்கூடத்துல. டீச்சர் கையும் தெரியல. ரெண்டு தடவை இவன் மேல மோதினேன்."

ஆசிரியை தலையை ஆட்டினார்.  

அதிகாரி மச்சினனைக் கேட்டார்: "தெரிஞ்சும் சொல்லலையா நீங்க?"

"சொல்லல சார்."

"அது தப்பு. அதைத் திங்கட்கிழமை தனியாப் பேசணும்." பாயின் ஓரத்தை நேராக்கினார். "ஆனா லேட்டா காட்டினார்னு இனிமே எழுத முடியாது." பிறகு மேல்வீட்டுக்காரரிடம், சிறிது மரியாதையோடும் சிறிது சங்கடத்தோடும், "டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் நீங்க ஏறக் கூடாது. புரியுதில்ல?" என்றார்.

"புரியுது சார்."

"அதுக்கப்புறமும் ஏறலாமான்னு அவங்கதான் சொல்லணும்."

"அதுவும் புரியுது."

வாசலில் காலணி மாட்டும்போது வெல்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.  கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவிழ்த்து மறுபடி போட்டார்.

"எனக்கு ரெண்டு பொண்ணு, மேல்வீட்டுக்காரரே" என்றார்.

"தெரியும்."

"ஒன்பது நாளா ஜோக் அடிச்சேன். ராத்திரி தூங்கல."

 மன்னிப்பு என்ற சொல் மேல்வீட்டுக்காரரின் வாய் வரை வந்தது. அந்த எடைக்கு அது சின்னதாக இருந்தது. வெல்டர் எழுந்தார். நாலடி போனவர் திரும்பினார்.

"ஆபரேஷன் அன்னைக்கு ஆஸ்பத்திரியில கூட இருக்க ஆள் வேணும்னா சொல்லுங்க. எனக்கு லீவு பாக்கி கிடக்கு. உங்க மாப்ளய நம்பாதீங்க, அவன் டாக்டருக்கும் பொய் சொல்லுவான்."

வேனுக்குப் பக்கத்தில் மச்சினன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேல்வீட்டுக்காரர் போய்ப் பக்கத்தில் நின்றார். இருவரும் சாலையைப் பார்த்தார்கள்.

"கோபமா?"

"பின்ன? ரெண்டு பேருல ஒருத்தராவது வேலையில இருக்கலாம்னு பார்த்தேன். நீங்க கெடுத்துட்டீங்க."

"ஒருத்தர் இருக்காரேடா. நீதான்."

"நான் இருந்து? மேல வேற எவனோ உக்காந்திருப்பான். அவனுக்குக் கை காட்டணும்." கிடந்த கல் ஒன்றைக் காலால் சாலையோரம் தள்ளினார். "அவன் எப்படி நிறுத்துவானோ, யாருக்குத் தெரியும்."

மேல்வீட்டுக்காரர் போனை எடுத்தார். எண்ணைத் தேட, திரையை வெயிலுக்கு மறைத்து, நிழல் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. மச்சினன் தன் உள்ளங்கையைத் திரைக்கு மேல் குடையாக வைத்தார்.

மனைவி உடனே எடுத்தாள். கண் டாக்டரிடம் போக வேண்டும், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே போகலாம், நீயும் வா என்று அவர் சொல்லத் தொடங்கினார். அவள் பாதியில் மறித்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். அவன்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். பக்கத்துலதான் நிக்கிறான். திட்டிக்கிட்டிருக்கான்."

"திட்டுறானா? அப்பாடா" என்றாள். "குடுங்க அவன்கிட்ட. நானும் கொஞ்சம் திட்டணும்."